பச்சை வண்டியை எடுப்பது யார்

ஆகஸ்ட் 4, திங்கள்

காரின் மீட்டரில் இருநூற்று அறுபத்திரண்டு கிலோமீட்டர் கூடியிருக்கிறது. நான் ஓட்டவில்லை.

ஜூலை 23 அன்று துடைத்து உறை போட்டபோது 41,286 என்று இதே டைரியில் குறித்திருக்கிறேன். இன்று மில்லிலிருந்து வந்து உறையைத் தூக்கிப் பார்த்தால் 41,548. இடையில் பன்னிரண்டு நாள் வண்டியை நான் தொடவில்லை. முதுகு வலி.

இந்த வண்டியைப் பற்றி ஊருக்கே தெரியும். பச்சை நிறம், இரண்டே சீட்டு, மேற்கூரையை மடித்துப் பின்னால் போட்டுக்கொள்ளலாம். பொள்ளாச்சி வட்டாரத்தில் இன்னொன்று கிடையாது. கோயமுத்தூரில் ஒரு டாக்டரிடமிருந்து மே மாதம் வாங்கினேன். கயிறு மில்லில் முப்பத்தைந்து வருஷம் நார்த் தூசியைத் தின்றவனுக்கு அறுபத்தொரு வயதில் இதுகூட இல்லாவிட்டால் எப்படி? கிளப்பில் இன்றைக்கும் கேட்டார்கள், "வண்டி எப்படி ஓடுது?" என்று. "பறக்குது" என்றேன்.

சாவி இரண்டு. ஒன்று என் பீரோவில். மற்றது சமையலறைச் சுவரில், ஆணியில் தொங்குகிறது. வீட்டில் இருப்பது நானும் ருக்குமணியும். வந்து போவது டிரைவர் காளியப்பன் மட்டும்.

போர் மோட்டாரில் சத்தம் வருகிறது. நாளை ஆள் வரச் சொல்ல வேண்டும்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

ஷெட் கதவின் அடியில் குறுக்காக ஒரு தேங்காய் நார் இழை கட்டியிருக்கிறேன். குனிந்து பார்த்தால்தான் தெரியும். யாரிடமும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 7, வியாழன்

இழை அறுந்து கிடக்கிறது. எழுபத்தொரு கிலோமீட்டர்.

திங்களும் வியாழனும்தான் நான் மில்லுக்குப் போகிற நாட்கள். மற்ற நாட்களைத் தம்பி மகன் பார்த்துக்கொள்கிறான். காலை எட்டு மணிக்குக் காளியப்பன் பெரிய காரில் என்னை மில்லில் விடுவான். எங்கள் வீட்டுக்குத் திரும்பிவிடுவான். மதியம் ஒரு மணிக்கு வந்து கூட்டிப்போவான். நடுவில் நாலரை மணி நேரம். எழுபது கிலோமீட்டர் போய்வர அது தாராளம்.

பதினெட்டு வருஷமாக என்னிடம் இருக்கிறவன். ஒருநாள் பெட்ரோல் கணக்கில்கூடச் சந்தேகப்பட்டதில்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

காலையில் செருப்பைப் போட்டுக்கொண்டே, சும்மா கேட்பதுபோல் கேட்டேன்.

"நேத்து என்னை உட்டுட்டு எங்கடா போனே?"

"வூட்டுக்குத்தானுங்க வந்தேன். பெரிய வண்டியைக் கழுவுனேன். அம்மிணி அம்மா கறிவேப்பிலைச் செடிக்குப் பாத்தி கட்டச் சொன்னாங்க, கட்டுனேன்."

"சின்ன வண்டி?"

"அதைத் தொடறதில்லீங்களே நானு."

சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. ருக்குமணி அவனுக்கு எப்போதும் அம்மிணி அம்மாதான். பாத்தியைப் போய்ப் பார்த்தேன். புதிதாகத்தான் கட்டியிருக்கிறான். இதற்கு அரைமணி நேரம்கூட ஆகாது.

ருக்குமணி இன்று தட்டைப்பயிறு குழம்பு வைத்திருந்தாள். அருமையாக இருந்தது. அவளும் இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டாள். கொஞ்ச நாளாக நன்றாகச் சாப்பிடுகிறாள். தூக்க மாத்திரை அட்டை பிரிக்காமல் அப்படியே இருக்கிறது. என்ன என்று கேட்டதற்கு, "தூக்கம் வருதுங், அப்பறம் எதுக்கு மாத்திரை?" என்றாள். டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

அறுபத்தெட்டு கிலோமீட்டர்.

இன்னொன்றைக் கண்டுபிடித்தேன். பெட்ரோல் முள் போன வாரம் எங்கே நின்றதோ அங்கேயே நிற்கிறது. எடுப்பவன் ஓட்டிவிட்டு நிரப்பியும் வைக்கிறான்! வண்டியைத் திருடுகிறவன் எதற்குப் பெட்ரோல் போடுகிறான்? தன் தடத்தை அழிக்கத்தான். அப்படியென்றால் இது விளையாட்டுக்குச் செய்கிற வேலையில்லை, யோசித்துச் செய்கிற வேலை.

டிரைவர் சீட்டும் ஒரு கட்டம் முன்னால் தள்ளியிருக்கிறது. காளியப்பன் என்னைவிடக் குட்டை.

சாவியை எடுத்துப் பூட்டி வைக்கலாம். வண்டி நிற்கும், ஆள் யாரென்று தெரியாது. எனக்கு ஆள் வேண்டும்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

ஒருவேளை மீட்டரே கோளாறோ என்று மெக்கானிக் தேவசகாயத்தை வீட்டுக்கு வரவழைத்தேன். அவர் ஷெட்டிலிருந்து வண்டியை எடுத்து, கேட் வரைக்கும் போய், சாமத்தூர் ரோட்டில் ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்தார். இறங்கும்போது முகமெல்லாம் சிரிப்பு.

"மீட்டர் கரெக்டா இருக்கு சார். ஆனா வண்டியே வேற வண்டி ஆயிருச்சு."

"என்ன ஆச்சு?"

"மே மாசம் பாத்தப்போ கியர் முரண்டு பிடிச்சுது. ரெண்டாவதுலயே ஓட்டி ஓட்டி இஞ்சின் மூச்சு முட்டிக் கெடந்துது. இப்போ பாருங்க, வெண்ணெயாட்டம் விழுது. ஆரோ ரசிச்சு ஓட்டுறாங்க. நீங்கதான சார்?"

"பின்னே?" என்றேன்.

"நாச்சிமுத்து சார் கை இவ்வளவு சுத்தம்னு எனக்குத் தெரியாமப் போச்சே!"

போகும்வரை அதையே சொல்லிக்கொண்டிருந்தார். ருக்குமணி காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். அவள் வாயை இறுக்கி மூடிக்கொண்டிருந்தது சிரிப்பை அடக்குகிற மாதிரி இருந்தது. நான் பெருமையடித்துக்கொண்டதை நினைத்திருப்பாள்.

ஆகஸ்ட் 14, வியாழன்

மில்லுக்குப் போகவில்லை. தலைவலி என்று சொல்லி முன்னறையில் ஷெட்டைப் பார்த்தாற்போல் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன். காளியப்பன் மாமரத்தடியில் உட்கார்ந்து பேப்பர் படித்தான். ஒரு முறைகூட ஷெட் பக்கம் திரும்பவில்லை. உஷாராகிவிட்டான்.

ருக்குமணிக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. "இன்னைக்கு மில்லு இல்லீங்களா?" என்று மூன்று முறை கேட்டாள். பதினோரு மணிக்கு, "வெயிலும் இல்லாம மழையும் இல்லாம எத்தனை நல்லா இருக்குது பாருங்" என்று வாசலில் நின்று வானத்தைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்ப் பாத்திரங்களை உருட்டினாள்.

அவளுடைய வலது கை, முழங்கைக்குக் கீழே, இடது கையைவிடக் கறுத்திருக்கிறது. மொட்டைமாடியில் மிளகாய் காயப்போட்டதில் கறுத்ததாம்.

ஆகஸ்ட் 16, சனி

சாரல். மில்லில் நார் காயவில்லை என்று போன்.

காளியப்பனைக் கூப்பிட்டு நேராகக் கேட்டுவிடலாம். ஏன் கேட்காமல் இருக்கிறேன் என்பதை இங்கேயாவது எழுதிவிடுகிறேன்.

ஜூன் 18 அன்று ஆழியாறு ரோட்டில் வண்டி பெட்ரோல் தீர்ந்து நின்றதாகத்தான் வீட்டில் சொன்னேன். பெட்ரோல் தீரவில்லை. கோட்டூர் தாண்டி அந்த இடது வளைவில் எதிரே பஸ் வந்தது. பிரேக்கை மிதித்தேன். வண்டியின் பின்பாகம் வழுக்கி முன்னால் வந்தது. எந்தப் பக்கம் ரோடு, எந்தப் பக்கம் தோப்பு என்று தெரியவில்லை. நின்றபோது ஒரு தென்னை மரம் கதவிலிருந்து ஒரு முழம் தள்ளி இருந்தது. பஸ் நிற்காமல் போய்விட்டது. இறங்கினேன். வாய்க்கால் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டேன். போன் பண்ணியதும் காளியப்பன் யாருடைய பைக்கிலோ வந்தான். என்னைப் பார்த்தான், வண்டியைப் பார்த்தான், ஒன்றும் கேட்கவில்லை. அவன்தான் ஓட்டிக்கொண்டு வந்தான்.

அதற்குப் பிறகு இரண்டு முறை எடுத்தேன். கேட்டைத் தாண்டவில்லை. முதுகு வலிதான். ஆனால் முதுகு வலி மட்டும் இல்லை.

அவனுக்கு இது தெரியும். கிழவன் ஓட்ட மாட்டான், வண்டி சும்மா நிற்கிறது என்று அவனுக்கு மட்டும்தான் தெரியும். அந்தத் தைரியத்தில்தான் எடுக்கிறான். நான் கேட்டால் அவன் ஊரெல்லாம் சொல்லிவிட்டால்?

ஆகஸ்ட் 18, திங்கள்

முடித்துவிட்டேன்.

மில்லிலிருந்து வந்ததும் ஷெட்டுக்குப் போனேன். எழுபத்து நாலு கிலோமீட்டர். இஞ்சின் மூடியில் கை வைத்தால் இன்னும் சூடு. பக்கத்து சீட்டுக்கு அடியில் இரண்டு கனகாம்பரப் பூ. வாடக்கூட இல்லை. அப்படியென்றால் பொம்பளை சங்காத்தம்! நாற்பத்தேழு வயது, கல்யாண வயதில் பெண் வைத்திருக்கிறவன், என் காரில் எவளையோ ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றுகிறான். கனகாம்பரம் ருக்குமணியும்தான் வைக்கிறாள். இந்த ஊரில் வைக்காதவள் யார், பூவை வைத்து ஆளைக் கண்டுபிடிக்க முடியாது.

அவனைக் கூப்பிட்டேன். பூவைக் கையில் வைத்துக் காட்டினேன்.

"யாருடா அவ?"

பூவைப் பார்த்ததும் அவன் முகம் மாறியது. அதைத்தான் நான் எதிர்பார்த்தேன்.

"நான் எடுக்கலீங்க."

"அப்ப யாரு எடுத்தா?"

தோள் துண்டை எடுத்து மறுபக்கம் மாற்றிப் போட்டான்.

"உனக்குத் தெரியும்."

"தெரியாதுன்னு பொய் சொல்ல மாட்டனுங்க. ஆனா என்ற வாயால சொல்லவும் மாட்டன். என்னை விட்டுருங்க."

"நாளையிலிருந்து வர வேண்டாம்."

பெரிய காரின் சாவியை மேஜையில் வைத்தான். மெதுவாக வைத்தான், சத்தமே வரவில்லை. வாசல்வரைக்கும் போனவன் திரும்பி, "வலது பின்சக்கரத்துல காத்து கொறையுதுங்க, பெரிய வண்டிக்கு. பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஜூன் 18 பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கோபத்தைத் தக்கவைத்துக்கொள்ள வசதியாக இருந்திருக்கும்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

காலையில் காளியப்பன் வராததைப் பார்த்து ருக்குமணி கேட்டாள். நிறுத்திவிட்டேன் என்றேன். கையிலிருந்த சொம்பை அப்படியே வைத்துவிட்டாள்.

"எதுக்குங்?"

சொன்னேன். மீட்டர், நார் இழை, பெட்ரோல், பூ எல்லாம் வரிசையாக. கேட்டுக்கொண்டே நின்றாள். இத்தனை நாள் இதை என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று அவள் கேட்பாள் என்று நினைத்தேன். கேட்கவில்லை.

"அவன் எடுத்திருக்க மாட்டானுங். திரும்பக் கூப்பிடுங்க."

"உனக்கு எப்படித் தெரியும்?"

என் முகத்தையே பார்த்தாள். ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்தது. அந்த நேரம் பார்த்து எனக்குக் குரல் உயர்ந்துவிட்டது. "இந்த வீட்டுல எனக்குத் தெரியாம ஒரு கூட்டம் நடக்குது, நீயும் அவனுக்குப் பரிஞ்சு பேசற" என்றேன். இன்னும் சிலதும் சொன்னேன். எழுத வேண்டியதில்லை.

மதியம் ஆட்டோ பிடித்து எங்கேயோ போய்விட்டு வந்தாள். கண் சிவந்திருந்தது. "காளியப்பன் வூட்டுக்குப் போனனுங்" என்று அவளே சொன்னாள். "அவன் ஒண்ணும் சொல்லலை. அவன் பொண்டாட்டிதான், எதுக்கம்மா நிறுத்தீட்டாங்கன்னு கேட்டு அழுதா."

சாப்பிடவில்லை. பாத்திரம் கழுவி முடித்துவிட்டுக் கேட்டாள்.

"வியாழக்கெழமை மில்லுக்கு எப்படிப் போவீங்?"

"ஆட்டோவுல."

"வர்றது?"

"அதுவும் ஆட்டோவுலதான்."

"சரிங்" என்றாள்.

ஆகஸ்ட் 20, புதன்

ருக்குமணி சாப்பாட்டை மேஜையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். பெரிய காரின் சக்கரத்தில் காற்று குறைந்துதான் இருக்கிறது.

ஆகஸ்ட் 21, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மதியம் ஒரு மணி. மில் முற்றத்தில் நார் விரித்திருந்த பெண்கள் எல்லோரும் எழுந்து நிற்பதைப் பார்த்து ஆபீஸிலிருந்து வெளியே வந்தேன். பச்சை வண்டி, கூரை மடித்தபடி, கேட்டுக்குள் நுழைந்து, நார்க் குவியலைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, என் காலுக்கு நாலடி தள்ளி நின்றது. ஓட்டி வந்தது ருக்குமணி. முந்தானையை இழுத்து இடுப்பில் செருகி, தலையில் என்னுடைய பழைய மஃப்ளரைக் கட்டியிருந்தாள்.

ஒரு நிமிஷம் எனக்கு எதுவும் ஓடவில்லை. பிறகு எல்லாம் ஒன்றாக ஓடியது. கறுத்த கை. மாத்திரை அட்டை. மூன்று முறை கேட்ட கேள்வி. எல்லாவற்றையும் என் கையாலேயே எழுதி வைத்திருக்கிறேன்.

"ஏறுங்க" என்றாள். "டிரைவர் இல்லீங்களே."

அறுபது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏறினேன்.

வீட்டுக்குத் திரும்புகிற இடத்தில் திரும்பவில்லை. கோட்டூர் பக்கம் போனாள்.

"எங்க போற?"

"நான் எங்க போறேன்னுதான தெரியோணும்னு இருந்தீங்? காட்டறேன்."

அவள் மேல் எனக்குப் பயங்கரக் கோபம். அதையும் எழுதத்தான் வேண்டும். ஆனால் வண்டி மூன்றாவது கியரிலிருந்து நான்காவதுக்குப் போனது எனக்குத் தெரியவே இல்லை. நான் மாற்றும்போது ஒரு குலுக்கு குலுக்கும். இவள் கை பட்டதும் போய் உட்காருகிறது. வேகமுள்ளைப் பார்த்தேன், அறுபத்தைந்துதான். தரைக்கு ஒரு சாண் மேலே உட்கார்ந்திருக்கும்போது அறுபத்தைந்தே பறப்பது போல் இருக்கிறது. ரோட்டுக்கு மேலே புளியமரங்கள் கூடாரம் போட்டிருந்தன. வெளிச்சமும் நிழலும் மாறி மாறி எங்கள் மடியில் விழுந்தன. ஈர மட்டை வாசம், யாரோ தோப்பில் தென்னோலை எரிக்கிற வாசம், வாய்க்கால் தண்ணீரின் குளிர்ச்சி, எல்லாம் ஒவ்வொன்றாக வந்து முகத்தில் அடித்தன. பெரிய காரில் கண்ணாடி ஏற்றி ஏசி போட்டுக்கொண்டு இதே ரோட்டில் ஆயிரம் முறை போயிருக்கிறேன். வாய்க்காலுக்கு வாசம் உண்டு என்று எனக்குத் தெரியாது.

அந்த வளைவு வந்தது. என்னையும் அறியாமல் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

அவள் வளைவுக்கு நல்ல தூரம் முன்னாலேயே வேகத்தைக் குறைத்தாள். கியரை இறக்கினாள். இஞ்சின் ஒரு உறுமல் உறுமியது. உள்ளே நுழைந்ததும் பிரேக்கையே தொடவில்லை. ஸ்டியரிங்கைக் கொஞ்சமாகத் திருப்பி, அப்படியே பிடித்துக்கொண்டு, பாதி வளைவில் ஆக்சிலேட்டரை மிதித்தாள். வண்டி ரோட்டைக் கட்டிக்கொண்டு போனது. நான் ஒரு பக்கமாகச் சாய்ந்தேன். வயிற்றுக்குள் ஊஞ்சலில் ஆடுகிற மாதிரி இருந்தது. சிரித்துவிட்டேன். கோபத்தில் இருக்கிற ஆள், சத்தமாகச் சிரித்துவிட்டேன்.

"வளைவுக்குள்ள போயி பிரேக் மிதிக்கப்படாதுங்" என்றாள். "நீங்க மிதிச்சிருப்பீங்."

"காளியப்பன் சொன்னானா?"

"அவன் எதைச் சொன்னான்? நீங்க அன்னைக்கு வந்தப்போ வேட்டியெல்லாம் சேறு. பெட்ரோல் தீந்தா சேறு ஆகுமா?"

இரண்டு மாதமாகத் தெரிந்திருக்கிறது. ஒரு நாளும் காட்டிக்கொள்ளவில்லை.

வேட்டைக்காரன்புதூர் தாண்டி, சேத்துமடை போகிற ரோட்டில், ஆனைமலைத் தொடர் எதிரே நீலமாக எழும்பி நிற்கிற இடத்தில் ஓரமாக நிறுத்தினாள். அங்கேதான் எப்போதும் நிறுத்துவாளாம். பத்து நிமிஷம் உட்கார்ந்திருப்பாளாம். பிறகு திரும்புவாளாம். அவ்வளவுதான்.

"யாரைப் பாக்க?" என்று கேட்டேன். கேட்டதும் எனக்கே வெட்கமாகிவிட்டது.

"யாரையும் இல்லீங். ஓட்டத்தான்."

பிறகு அவளே சொன்னாள். உடுமலையில் அவள் அப்பாவின் தோட்டத்தில் பதினாறு வயதிலிருந்து டிராக்டரும் ஜீப்பும் ஓட்டியவள். லைசென்ஸ் வைத்திருக்கிறாள். போன வருஷம்கூடப் புதுப்பித்தாள், காளியப்பன்தான் கூட்டிப்போனானாம்.

"கல்யாணமான மூணாம் மாசம் உங்க வூட்டு ஜீப்பை எடுத்துட்டுக் கோயிலுக்குப் போனேன். திரும்பி வந்தப்போ நீங்க கேட் பக்கத்துல நின்னீங். சாவியைக் குடுன்னு கையை நீட்டுனீங். குடுத்துட்டேன். அப்பறம் முப்பத்திரண்டு வருசமாச்சு."

எனக்கு அது நினைவில்லை என்று சொன்னேன்.

நினைவிருக்கிறது. அவள் சிவப்புப் புடவை கட்டியிருந்தாள். ஜீப்பிலிருந்து இறங்கும்போது முகமெல்லாம் சிரிப்பு. என் அப்பா என்ன சொல்வாரோ என்றுதான் கையை நீட்டினேன். அப்பா கடைசிவரை எதுவும் சொல்லவேயில்லை.

"என்கிட்டக் கேட்டிருக்கலாமே, ருக்கு."

"கேட்டிருந்தாக் குடுத்திருப்பீங்களா?"

மாட்டேன். அதைச் சொல்லவும் செய்தேன். அவள் தலையை ஆட்டினாள். "ஆனா காளியப்பன் விசயத்துல தப்பு என்மேலதானுங். செவ்வாக்கெழமையே உங்ககிட்டச் சொல்லியிருக்கோணும். சாவி போயிரும்னு பயந்துட்டேன்."

ஆகஸ்ட் 22, வெள்ளி

காலை பத்து மணிக்குக் காளியப்பன் வீட்டுக்குப் போனோம். வழியெல்லாம் எப்படிப் பேசுவது என்று யோசித்துக்கொண்டே போனேன். போனால் அவன் வாசலில் சைக்கிளைக் கவிழ்த்துப்போட்டுச் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து துண்டை எடுத்தான்.

"நான் உன்மேல அபாண்டம் சொல்லிட்டேன், காளியப்பா. அந்தப் பொம்பளைப் பேச்சு… அது தப்பு. எல்லாமே தப்பு."

அவன் மனைவி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் காதில் விழ வேண்டும் என்றுதான் சத்தமாகச் சொன்னேன். அவள் எனக்குத் தண்ணீர் கொடுக்கவில்லை. ருக்குமணிக்கு மட்டும் கொடுத்தாள்.

காளியப்பன் சொன்னான்: "பதினெட்டு வருசமுங்க. பூவைக் காட்டி யாருடா அவன்னு கேட்டீங்களே, அதுதானுங்க தாங்கலை. வண்டி எடுத்தியான்னு கேட்டதுகூட ஒண்ணுமில்லை."

"வருவியா?"

"ரெண்டு நாள் யோசிக்கறனுங்க."

சரி என்றேன். கெஞ்சவேண்டும் போல் இருந்தது. அவனுக்கு அந்த இரண்டு நாள் வேண்டும் என்று தோன்றியது, வந்துவிட்டேன்.

கிளம்புவதற்கு முன் அவனிடம் தனியாக, "ஜூன் மாசத்து விசயத்தை நீ யார்கிட்டயும் சொல்லலையே, ஏன்?" என்று கேட்டேன். "அம்மிணி அம்மா விசயத்தையும்தான் சொல்லலீங்க" என்றான்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

மாலையில் காளியப்பன் வந்தான். பெரிய காரின் சக்கரத்துக்குக் காற்று அடித்துவிட்டுத்தான் என்னிடம் பேசினான்.

ஆகஸ்ட் 25, திங்கள்

நான் மில்லுக்குப் போகவில்லை. உண்மையாகவே ஜுரம்.

ருக்குமணி எட்டரைக்குக் கிளம்பினாள். என்னிடம் சொல்லிவிட்டு, சாவியை என் கண்முன்னால் எடுத்துக்கொண்டு. காளியப்பன் கேட்டைத் திறந்துவிட்டான். பதினொன்றரைக்கு வருவேன் என்று சொன்னாள்.

பன்னிரண்டு ஆயிற்று. வரவில்லை. பழைய புத்தி எங்கே போகும்? அன்றைக்கு ஓட்டுவதற்குத்தான் என்றாளே, நிஜமாகவே அதற்கு மட்டும்தானா என்று ஒரு நினைப்பு எழுந்தது. அதை அமுக்கினால் அடுத்தது, அந்த வளைவு. எழுந்து கேட்வரைக்கும் நடந்தேன். காளியப்பன் என்னைப் பார்த்துவிட்டு, மாமரத்தடியிலிருந்து நாற்காலியைக் கொண்டுவந்து போட்டான்.

பன்னிரண்டே முக்காலுக்கு வண்டி வந்தது. இறங்கினாள். முடி நனைந்து கலைந்து, முகம் சிவந்து, மூச்சு வாங்க, ஏதோ ஓடி வந்தவள் போல. எங்கே போனாய், ஏன் இவ்வளவு நேரம், யாரைப் பார்த்தாய், மூன்று கேள்வியும் நாக்கில் நின்றன. வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவள் என் எதிரே தரையிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"இன்னைக்கு என்ன ஆச்சு தெரியுங்களா?" என்று ஆரம்பித்தாள். சேத்துமடைக்கு முன்னால் செம்மறிக் கூட்டம் குறுக்கே வந்ததையும், கடைசி ஆடு ரோட்டைத் தாண்டும்வரை இஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருந்ததையும், பிறகு மழை பிடித்துக்கொள்ள, கூரையை ஏற்றாமலே நனைந்துகொண்டு ஓட்டியதையும், ஈர ரோட்டில் வண்டி எப்படிக் கை சொன்னபடி கேட்டது என்பதையும், ஒவ்வொரு வளைவாக, கையைத் திருப்பித் திருப்பிக் காட்டிச் சொன்னாள். முக்கால் மணி நேரம் பேசினாள். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அவள் என்னிடம் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியதில்லை.

நான் எதுவும் கேட்கவில்லை. அவளாகவே சொன்னாள்.